கருங்காட்டுக் குயிற் கடிகாரம்

'குக்கூ கிளாக்' என்பதைக் குயிற் கடிகாரம் என்று தமிழில் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அதன் சிறு கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் பறவை நம் மாந்தோப்புக் குயில் அன்று. நம் குயிலும் ஐரோப்பியக் குக்கூவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிற பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் குணமும் இரண்டுக்கும் பொது. குரல்தான் வேறு. நம் குயில் கூவக் கூவக் குரல் மேலே ஏறும். குக்கூவுக்கோ இரண்டே சுரங்கள்: முதலது உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் ஒலிக்கும். இந்த எளிமையே கடிகாரத் தொழிலாளிக்கு வாய்ப்பாயிற்று. ஒரு நைட்டிங்கேல் பறவையைப் பெட்டிக்குள் பாடவைப்பதானால் எத்தனை குழல்கள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

இக்கடிகாரத்தின் தாயகம் சுவிட்சர்லாந்து என்று பலர் நினைக்கின்றனர். 1949-இல் வெளிவந்த 'தி தேர்டு மேன்' என்ற திரைப்படமும் இந்தத் தவற்றைப் பரப்பிவிட்டது. உண்மையில் அது தென்மேற்கு ஜெர்மனியில், 'ஷ்வார்ட்ஸ்வால்ட்' எனப்படும் கருங்காட்டில் வளர்ந்த கலை. ஊசியிலை மரங்கள் அடர்ந்து இருண்டிருப்பதால் அக்காட்டுக்கு அப்பெயர். அங்கே பனிக்காலம் நெடிது, நிலமும் வளமற்றது. பண்ணையைப் பங்கிடாமல் ஒரே மகனுக்கு விட்டுவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. மற்றப் பிள்ளைகள் என் செய்வர்? கையில் மரம் இருந்தது, பொழுதும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டிலேயே அவர்கள் மரத்தாற் பற்சக்கரம் செதுக்கிக் கடிகாரம் செய்யத் தொடங்கினர். முதற் கடிகாரங்களுக்கு ஒரே முள். எடைக்குண்டுக்குப் பதில் ஒரு கல்!

குக்கூவை அதனுள் முதலில் வைத்தவர் யார்? ஷோன்வால்ட் என்ற ஊரினரான ஃபிரான்ஸ் அன்டோன் கெட்டரர் 1730-களில் வைத்தார் என்று பல நூல்கள் எழுதிவருகின்றன. மாதா கோயில் ஆர்கனின் துருத்தியைக் கண்டு அவருக்கு இக்கருத்துத் தோன்றியது என்பது கதை. இதை எழுதிவைத்த யேக் என்னும் பாதிரியாரின் காலம் 1810. ஆனால் அவருக்கு முன்னரே, 1796-இல், ஸ்டைரர் என்னும் இன்னொரு பாதிரியார் வேறு விதமாக எழுதியிருக்கிறார்: கருங்காட்டு வணிகர் இருவர் வழியிற் சந்தித்த ஒரு பொஹீமிய வணிகனிடம் குக்கூக் கடிகாரத்தைக் கண்டு வந்தனர், அதைப் பார்த்தே 1742 அளவில் இங்கும் செய்யலாயினர் என்பது அவர் கூற்று. இரண்டிலும் எது மெய்யாயினும் கெட்டரரைக் கண்டுபிடிப்பாளர் என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் ஹைன்ஹோஃபர் என்ற ஜெர்மானியர் 1629-லேயே, சாக்சனி மன்னர் குடும்பத்துக்குரிய குக்கூக் கடிகாரம் ஒன்றை வருணித்திருக்கிறார். 1650-இல் கிர்க்கர் என்ற அறிஞரின் இசைநூலிலும் இயந்திரக் குக்கூ இடம் பெற்றிருக்கிறது. அரண்மனையின் விளையாட்டுப் பொருளை மரத்தாற் செய்து குடியானவனின் சுவருக்குக் கொண்டுவந்தார்களே, அதுவே கருங்காட்டாரின் பெருமை என்பேன்.

இனி உள்ளே பார்ப்போம். இரண்டு சங்கிலிகளில் இரண்டு குண்டுகள் தொங்கும். ஒன்று முட்களை ஓட்டுவது. மற்றது பறவையைக் கூவவைப்பது. குண்டு கீழே இறங்கும் வேகத்தில் சக்கரங்கள் தறிகெட்டு ஓடாதபடி, நங்கூர வடிவான ஓர் உறுப்புப் பல்லைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. ஊசல் ஒருமுறை ஆடினால் ஒரு பல் நழுவும். நழுவும்போதே அது ஊசலுக்கு ஒரு சிறு தள்ளும் கொடுத்துவிடும். 300 கிராம் குண்டு ஒரு நாளில் ஒன்றரை மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 4.4 ஜூல். ஒரு வாட் விளக்கு இதை ஐந்து வினாடிக்குள் தின்று தீர்த்துவிடும்! அதைக்கொண்டு 24 மணி நேரம் ஓட வேண்டுமானால் பற்களின் உராய்வு எவ்வளவு குறைவாயிருத்தல் வேண்டும்!

ஊசலில் ஓர் இலை செதுக்கப்பட்டிருக்கும். அழகுக்கு மட்டுமன்று. அதை மேலே தள்ளினால் கடிகாரம் விரையும், கீழே இழுத்தால் தாமதிக்கும். ஊசலின் நீளம் 20 சென்டிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டர் மாறுவதே நாளொன்றுக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிழையாகும். ஆய்வுக்கூடத்தில் ஊசற் சோதனையைக் கடனே என்று செய்துவிட்டு வரும் நாம் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கூவும் வேளை வந்ததும் நிமிட முள்ளின் அச்சிலுள்ள ஒரு நெம்பி இரண்டாம் சக்கரத் தொடரை விடுவிக்கிறது. சக்கரத்தின் முளைகள் இரு கம்பிகளை முறையே தூக்கிவிட, ஒவ்வொரு கம்பியும் ஒரு சிறு துருத்தியின் மூடியை உயர்த்தும். மூடி தன் எடையால் விழும்போது காற்று அடியிலுள்ள மரக்குழலில் ஊதுகிறது. குட்டைக் குழல் உயர்ந்த சுரம், நெட்டைக் குழல் தாழ்ந்த சுரம். கூடவே ஒரு சுத்தி கம்பிச் சுருளைத் தட்டும். பறவையும் தலை வணங்கும். மணிக்கு மணி அத்தனை முறையும், அரைமணிக்கு ஒருமுறையும் கூவினால் நாளொன்றுக்கு 180 கூவல். துருத்திகள் விழுவது 360 முறை. துருத்தியின் மடிப்பு கிழிந்தால் முதலிற் போவது குரலே.

ஒருவன் முழுக் கடிகாரமும் செய்ததில்லை. பெட்டி செய்பவன், முகப்பு வரைபவன், மணி வார்ப்பவன், சங்கிலி பின்னுபவன் எனத் தொழில் பிரிந்திருந்தது. முதுகில் ஒரு மரச்சட்டம் நிறையக் கடிகாரங்களைச் சுமந்து இங்கிலாந்து, ருஷ்யா, துருக்கி வரை சென்று விற்றவர்கள் வேறு. பல்லாண்டு அயல்நாட்டில் வாழ்ந்த அவர்களுடைய நிலை, ஊரைவிட்டு இங்கு வந்திருக்கும் நமக்கு எளிதில் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ஆலைகளின் மலிவுக் கடிகாரங்கள் வந்து மோதின. பேடன் அரசு 1850-இல் ஃபுர்ட்வாங்கனில் ஒரு கடிகாரப் பள்ளி நிறுவியது. அதன் தலைவர் ராபர்ட் கெர்விக் அவ்வாண்டே புதிய முகப்புக்காக ஒரு போட்டி வைத்தார். ரயில் நிலையங்கள் கட்டிய சிற்பி ஐசன்லோர், இருப்புப்பாதைக் காவலனின் சிறு வீட்டையே வரைந்து, அதில் கடிகார முகத்தைப் பொருத்தி அனுப்பினார். நாம் படங்களிற் காணும் கூரையும் கொடியும் அங்கிருந்து வந்தவை. ஆகவே 'பழங்காலக் காட்டுக் குடிசை' என்று விற்கப்படுவது உண்மையில் ரயில்வேயின் பிள்ளை! தேவதாருக் காய் வடிவான இரும்புக் குண்டுகள் சில ஆண்டுகளில் சேர்ந்தன. பெட்டியின் இலையும் பறவையும் பெரும்பாலும் லிண்டன் மரத்திற் செதுக்கப்படுகின்றன. நார் பிளவாமல் உளி செல்லும் மென்மை அதற்கு உண்டு.

இன்று மின்கலத்தில் ஓடி, பதிவு செய்த குரலிற் கூவும் பெட்டிகளும் கடைகளில் உள்ளன. கருங்காட்டுக் கடிகாரச் சங்கம் அவற்றுக்குச் சான்றிதழ் தருவதில்லை. முற்றிலும் இயந்திரமாய் இருத்தல் வேண்டும், முக்கிய உறுப்புகள் அந்தக் காட்டுப் பகுதியிலேயே செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பழைய மரச்சக்கரக் கடிகாரங்களைக் காண விரும்புவோர் ஃபுர்ட்வாங்கனில் உள்ள கடிகாரக் காட்சிச்சாலைக்குச் செல்லலாம்; கெர்விக் திரட்டத் தொடங்கிய பொருள்களே அதன் முதல்.