குருதி கூறும் குறிப்பு

நுழையும்முன்

ஒரே தீநுண்மி ஒரே வீட்டில் இருவரைத் தொற்றுகிறது. ஒருவர் சில நாள்களில் எழுந்து நடமாடுகிறார். மற்றொருவர் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்கிறார். இவ்வேறுபாட்டை முன்னரே அறிய இயலுமா? குருதியில் அதற்கான குறிப்புகளைத் தேடிய மருத்துவ அறிவியலின் முயற்சியை இப்பாடம் விளக்குகிறது.

காய்ச்சல், இருமல், உடல்வலி ஆகியன இன்ஃபுளுயன்சா, கொரோனா முதலிய சுவாசத் தொற்றுகளுக்குப் பொதுவானவை. தொடக்க நாள்களில் நோயாளியின் தோற்றத்தை மட்டும் கொண்டு நோயின் போக்கைக் கணிப்பது அரிது. ஆயினும், தொற்றை எதிர்க்கும் உடல், தன் போராட்டத்தின் தடயங்களைக் குருதியில் விட்டுச்செல்கிறது. அளந்தறியத்தக்க அத்தடயங்களே குறிப்பான்கள் எனப்படுகின்றன.

குருதியில் தோன்றும் தடயங்கள்

குறிப்பான்களுள் நன்கறியப்பட்டது சி-வினைப் புரதம். 1930ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதியில் இதனைக் கண்டறிந்தனர். நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவிலுள்ள ‘சி’ என்னும் சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் இப்பெயர் பெற்றது. உடலில் அழற்சி தோன்றும்போது இன்டர்லூக்கின்-6 என்னும் புரதம் கல்லீரலைத் தூண்ட, அது சி-வினைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது.

நிணநீரணுக்கள் தீநுண்மியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள். கடுமையான கொரோனாத் தொற்றில் இவற்றின் எண்ணிக்கை குறைகிறது. உறைந்த குருதி கரையும்போது தோன்றும் புரதத்துணுக்கு டி-டைமர். இதன் அளவு மிகுவது, குருதிநாளங்களில் உறைகட்டிகள் தோன்றியிருக்கலாம் என்பதைக் குறிப்பால் உணர்த்தும்.

வூகான் தந்த தரவு

சீனாவின் வூகான் நகரில் 2019 இறுதியில் கொரோனா பரவியது. அங்குள்ள இரண்டு மருத்துவமனைகளின் 191 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு, 2020 மார்ச் மாதத்தில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அவர்களுள் 54 பேர் உயிரிழந்தனர். முதுமையும், சேர்க்கையின்போது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைக் கடந்த டி-டைமரும் இறப்போடு தொடர்புடையனவாக இருந்தன. பிழைத்தவர்களிடம் நிணநீரணுக்கள் மெல்லப் பெருகின; இறந்தவர்களிடம் அவை இறுதிவரை குறைந்தே இருந்தன. ஒருநாள் அளவைக் காட்டிலும் பலநாள் போக்கே மிகுதியாக உணர்த்தும் என்பது இதனால் விளங்கும்.

எண் மட்டும் போதுமா?

பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020இல், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளின் இறப்பு இடரைக் கணிக்க ‘4சி’ என்னும் மதிப்பெண் முறையை உருவாக்கினர். அதில் எட்டுக் கூறுகள் உள்ளன. யூரியா, சி-வினைப் புரதம் ஆகிய இரண்டே குருதியில் அளக்கப்படுபவை. வயது, பால், இணைநோய்கள், மூச்சு வீதம், ஆக்சிஜன் செறிவு, உணர்வுநிலை ஆகிய ஆறும் நோயாளியை நேரில் கண்டும் கேட்டும் அறியப்படுபவை.

குறிப்பான் ஒன்று சிகிச்சையையும் தீர்மானிக்கலாம். இன்டர்லூக்கின்-6இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தைப் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு சோதித்தது. ஆக்சிஜன் குறைந்தும், சி-வினைப் புரதம் லிட்டருக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் இருந்தவர்களே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அம்மருந்து இறப்பைக் குறைத்தது என 2021இல் அறிவிக்கப்பட்டது.

எனினும், சி-வினைப் புரதம் பாக்டீரியாத் தொற்றிலும் காயத்திலும் மூட்டழற்சியிலும்கூட உயரும். 2021 மே மாதத்தில், இந்தியாவில் இரண்டாம் அலை வீசியபோது, இலேசான அறிகுறிகளும் இயல்பான ஆக்சிஜன் அளவும் உடையோர்க்கு இத்தகைய குருதிப் பரிசோதனைகள் தேவையில்லை. அவை அச்சத்தையே வளர்க்கும் என எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா அறிவுறுத்தினார். தேவையற்றவர்க்குச் செய்யும் பரிசோதனை, தேவையற்ற சிகிச்சைக்கும் வழிவகுக்கக்கூடும்.

குறிப்பான் கூறுவது வாய்ப்பை, விதியை அன்று. உயர்ந்த அளவு கொண்டோர் பலர் நலம்பெறுவர். இயல்பான அளவு கொண்டோரும் சிலவேளை நலிவுறுவர். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் மருத்துவர் எண்ணிச் செயல்பட வேண்டும் என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். குருதிக் குறிப்பான்கள் இம்மூன்றனுள் நோயின் அளவை நுட்பமாகக் காட்டுகின்றன. மற்ற இரண்டையும் அறிய, நோயாளியின் அருகிருந்து காணும் கண்களே வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

குருதியிலுள்ள சி-வினைப் புரதம் ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அழற்சி தணிவதை இதனால் விரைவில் அறியலாம்.

கற்பவை கற்றபின்

1. ‘ஒருநாள் அளவைக் காட்டிலும் பலநாள் போக்கே மிகுதியாக உணர்த்தும்’ – இக்கருத்தைப் பாடச் சான்றுடன் விளக்குக.

2. அனைவர்க்கும் எல்லாப் பரிசோதனைகளும் தேவையா? வகுப்பில் கலந்துரையாடுக.