பிரெஸ்ட் லிஃப்ட் கன்சல்டேஷன்: தயாராகப் போங்கள், தெளிவாகத் திரும்புங்கள்

இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுத்தாகிவிட்டது. அல்லது எடையை ஒரேயடியாகக் குறைத்தாகிவிட்டது. மார்பகம் தொய்ந்துவிட்டது, பிடிக்கவில்லை. சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் லைன் சூப்பர்வைசராக இருந்தாலும், ஐடி பார்க்கில் டீம் லீடாக இருந்தாலும், இதைச் சரிசெய்ய நினைப்பது உங்கள் சொந்த முடிவு. யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் உடம்பும் உங்களுடையது, பணமும் உங்களுடையது. அதனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

1. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள். "எனக்காக" என்றால் மேலே போகலாம். "ஆபீஸில் மதிப்பு கூடும்" என்றால் நிறுத்துங்கள். அப்ரைசலில் இதற்கு ரேட்டிங் கிடையாது. அந்தப் பணத்துக்கு ஒரு சர்டிஃபிகேஷன் முடித்தால் சம்பளமாவது ஏறும். அடுத்த குழந்தை பிளானில் இருந்தால் தள்ளிப்போடுங்கள், பிரசவத்துக்குப் பிறகு மறுபடி தொய்யலாம். பால் கொடுப்பதை நிறுத்தி ஆறு மாதமாவது போகட்டும். எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும் காத்திருங்கள். இன்னொன்று: லிஃப்ட் என்பது தூக்கி நிறுத்துவது. பெரிதாக்குவது வேறு ஆபரேஷன்.

2. டாக்டரைத் தேர்வு செய்வது நீங்கள். இது நீங்கள் எடுக்கும் இன்டர்வியூ. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போர்டில் 'காஸ்மெட்டிக் எக்ஸ்பர்ட்' என்று எழுதியிருப்பது டிகிரி ஆகாது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள். ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்ததும் யூடியூப் பார்த்ததும் அழகியல் சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லியிருக்கிறது.

கார்ப்பரேட் கிளினிக் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டது. ஏழைகளுக்கு ஏன் இது கிடைக்கக் கூடாது, நாம் செய்யாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழியிலோ போவார்கள் என்று அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர் வாதிட்டார். கடும் விமர்சனம் வந்தது. எனக்கு அவர் சொன்ன காரணம் சரியாகவே படுகிறது. உங்கள் கேஸை இப்போது எடுப்பார்களா என்று பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.யில் நேரில் கேளுங்கள். பூந்தமல்லிப் பக்கம் இருப்பவர்கள் போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். பெரிய மருத்துவமனையில் ஐசியு அங்கேயே இருக்கும், அது பெரிய பலம்.

3. ஃபைலோடு போங்கள். சுகர், பிபி, தைராய்டு ரிப்போர்ட். சாப்பிடும் மாத்திரை எல்லாம், நாட்டு மருந்தும் சேர்த்து. ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் வந்ததா என்பதைச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியிருந்தால் மேமோகிராம் கேட்பார்கள். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்துப் பெருத்திருந்தால் அதைக் காட்டியே ஆக வேண்டும். நம் தோலுக்கு இப்படித் தடிக்கும் தழும்பு (கீலாய்டு) வர வாய்ப்பு அதிகம்.

4. அந்த அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் கூச்சம் பாதியாகும். நிற்கவைத்து, கழுத்துக் குழியிலிருந்து முலைக்காம்பு வரை டேப் வைத்து சென்டிமீட்டரில் அளப்பார்கள். மார்பகத்தின் அடி மடிப்புக்குக் காம்பு மேலே இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். வெட்டு காம்பைச் சுற்றி மட்டுமா, கீழ்நோக்கி ஒரு கோடும் வருமா, அடி மடிப்பிலும் சேர்த்து வருமா என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகும். பெண் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். போட்டோ எடுப்பார்கள், அது வழக்கம்தான். எந்த கேமராவில், யார் கையில் இருக்கும், விளம்பரத்தில் வருமா என்று கேட்டுவிட்டே கன்சென்ட் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுங்கள். கிளினிக் கோஆர்டினேட்டர் வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டால் அனுப்பாதீர்கள்.

கேள்விகளைத் தாளில் எழுதிப் போங்கள். தழும்பு எங்கே வரும்? உணர்ச்சி போகுமா? பின்னால் பால் கொடுக்க முடியுமா? காம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் என்ன செய்வீர்கள்? மயக்க மருந்து கொடுப்பது யார்? திருத்த ஆபரேஷன் தேவைப்பட்டால் செலவு யாருடையது? "ஒன்றும் ஆகாதும்மா" என்பது இதற்கெல்லாம் பதில் ஆகாது.

5. காசு. அழகுக்காகச் செய்வதை ஹெல்த் இன்ஷூரன்ஸ் ஏற்காது, கம்பெனி பாலிசியும் சேர்த்து. ஜிஎஸ்டியும் உண்டு. தியேட்டர், அனஸ்தீஷியா, ரூம், சப்போர்ட் பிரா, ரிவ்யூ விசிட் எல்லாம் பிரித்து எழுதிய கொட்டேஷன் வாங்குங்கள். "இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் டிஸ்கவுண்ட், மீதி இஎம்ஐ" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குறைந்தது இரண்டு சர்ஜனைப் பாருங்கள்.

6. லீவு பிளான். டெஸ்க் வேலைக்குப் பொதுவாக ஒன்றிரண்டு வாரம். பாரம் தூக்கும் வேலைக்கு நாலு முதல் ஆறு வாரம். ஆடிட் சீசன், ரிலீஸ் தேதி, அப்ரைசல் மாதம் மூன்றையும் தவிருங்கள். ஹெச்.ஆரிடம் "ஒரு சர்ஜரி, இந்தத் தேதியில் திரும்புவேன்" என்பதே போதும். டீமில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம், சொன்னது மதியத்துக்குள் கேன்டீன் வரை போகும் என்று வைத்துக்கொண்டே சொல்லுங்கள். ஸ்கூட்டியில் சி.டி.எச். ரோட்டில் ஆவடிக்குப் போய்வருபவர்கள், எப்போது வண்டி எடுக்கலாம் என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். அதுவரை கேப் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள். ஃபேக்டரி வேலை என்றால் லைட் டியூட்டிக்கு டாக்டர் லெட்டரை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிடுங்கள்.