ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

களக்காட்டில் வாழைத்தோப்பும் லைசென்ஸ் ரிவால்வரும் வைத்திருப்பவரா? கடையில் “32 தோட்டா கொடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு ரகம் உண்டு. கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வருக்கு 23 மி.மீ. நீளக் கூடு, பிஸ்டல் தோட்டாவுக்கு 17 மி.மீ.தான். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: ரிவால்வர் தோட்டாவின் அடிவிளிம்பு நன்றாகத் துருத்தி நிற்கும். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களில் நுழைந்துவிடும். அழுத்தம் அதிகம், ஆபத்து. துப்பாக்கியில் பொறித்திருப்பதையும் தோட்டாவின் அடியில் உள்ள எழுத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பச்சை பூத்தது, நசுங்கியது வேண்டவே வேண்டாம். எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே இருக்கும். சரணாலயத்துக்குள் உள்ள தலையணை என்ற இடத்துக்குக் குளிக்கப் போனால் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். 1972 வன உயிரினச் சட்டப்படி, முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது.