லாரி எஞ்சினில் தண்ணீர் குறைவது ஏன்? – காரணம் காணும் முறை

வயலில் பாய்ச்சிய நீர் ஓர் இரவில் வற்றிவிட்டால், நாஞ்சில் நாட்டு உழவர் மீண்டும் மடையைத் திறப்பதோடு நிற்பதில்லை. வரப்பைச் சுற்றி வந்து நண்டு வளை எங்கே என்று தேடுவார். லாரி எஞ்சினில் தண்ணீர் குறையும்போதோ, பலர் காரணம் தேடுவதில்லை. நாள்தோறும் ஒரு குடம் ஊற்றி வண்டியை அனுப்பிவிடுகின்றனர். வேறு சிலர், காரணம் புலப்படுமுன்பே எஞ்சினைப் பிரித்துவிடுகின்றனர். இவ்விரண்டும் நஷ்டத்திற்கே வழி. தண்ணீர் எவ்வழியே போகிறது என்று முதலில் அறிதல், பின்னரே பாகத்தை மாற்றுதல் என்பதே இப்பாடத்தின் சாரம்.

ஏத்தன் குலையும் தோவாளைப் பூவும் வழியில் ஒரு நாள் நின்றால் விலை போகமாட்டா. வடசேரி நெசவாளரின் துணி உரிய நாளில் சேராவிடின் அடுத்த பாவுக்கு நூல் வாங்கப் பணம் வராது. தென்மேற்குப் பருவ மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வலுத்த காற்று வீசும். வள்ளியூர்ப் பக்கமிருந்து பாரத்துடன் நாகர்கோவிலுக்கு வரும் லாரி அக்காற்றை எதிர்த்து வரவேண்டும். தண்ணீர் குறைந்த எஞ்சின் மிகைச் சூடேறுவது இத்தகைய இடங்களில்தான்.

முதலில் அளந்தறிக

எஞ்சின் முற்றும் ஆறியபின், காலையில் நீர்மட்டத்தைத் தொட்டியில் அடையாளமிடுக. எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுக. புதிதாகத் தண்ணீர் மாற்றிய எஞ்சினில் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும் வரை மட்டம் சற்று இறங்கும், அது குற்றமன்று. தொடர்ந்து குறைந்தால் மட்டுமே சோதனை தேவை.

அடுத்து ரேடியேட்டர் மூடியைப் பார்க்கவேண்டும். வெறும் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தை அடக்கி வைத்தால் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங்கு தளர்ந்தால் தண்ணீர் ஆவியாகிச் சிறுகச் சிறுகப் போய்விடும். சிறு செலவில் தீரும் இக்குறையை முதலில் நீக்குவதே முறை.

போகும் வழிகள் மூன்று

எஞ்சினிலிருந்து தண்ணீர் மூன்று வழிகளில் மட்டுமே போகக்கூடும். ஒன்று, வெளியே சிந்துதல். இரண்டு, எஞ்சின் ஆயிலில் கலத்தல். மூன்று, புகையோடும் காற்றோடும் சேர்ந்து போதல்.

வெளிக் கசிவு எப்போதும் சொட்டாகத் தெரிவதில்லை. சூடான இரும்பின்மேல் கசிந்த துளி உடனே ஆவியாகி, வெள்ளை அல்லது வண்ணக் கறையை மட்டும் விட்டுச் செல்லும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை, ஹோஸ் குழாய்களின் கிளிப்புகள், ரேடியேட்டரின் மூலைகள் ஆகியவற்றில் அக்கறையைத் தேடுக. சில கசிவுகள் எஞ்சின் ஆறிச் சுருங்கும்போது மட்டுமே தோன்றும். ஆதலின் கைப்பம்பினால், மூடியில் குறித்துள்ள அழுத்தத்திற்கு மேற்படாமல் காற்றேற்றி, சூட்டில் ஒரு முறையும் ஆறியபின் ஒரு முறையும் சோதிக்கவேண்டும்.

ஆயிலில் கலந்திருக்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. இரவு முழுதும் நின்ற வண்டியை இயக்குமுன், ஆயில் வடிக்கும் திருகைச் சிறிதே தளர்த்துக. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானதாகையால், அடியில் தங்கியிருந்தால் அதுவே முதலில் வரும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு கண்டவுடன் முடிவு கட்டிவிடலாகாது. குறுகிய தூரம் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தினாலும் அது உண்டாகும். ஐயமிருப்பின் ஆயிலின் மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். அதில் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருந்தால் கூலண்ட் கலந்ததாகக் கொள்ளலாம்.

இதற்கு மாறாக, தண்ணீரில் ஆயில் மிதந்தால் ஆயில் கூலரை முதலில் ஐயுறுக. ஓடும்போது ஆயிலின் அழுத்தம் மிகுதியாதலால் ஆயில் தண்ணீருக்குள் புகும். வண்டி நின்றபின் தண்ணீர் ஆயிலுக்குள் புகும்.

கண்ணுக்குப் புலப்படாத வழி

எங்கும் ஈரமில்லை, ஆயிலும் தூய்மையாக உள்ளது. எனினும் தண்ணீர் குறைகிறது. மெக்கானிக்குகளையும் மயக்குவது இந்நிலையே.

ஜாம்ஷெட்பூரிலிருந்து 1954 முதலும், எண்ணூரிலிருந்து அசோக் லேலண்ட் என்னும் பெயரில் 1955 முதலும் வந்த பழைய லாரிகளில் ஈ.ஜி.ஆர். கூலர் என்னும் உறுப்பு கிடையாது. அவற்றிலே தொழில் பழகியவர்கள் இந்நிலையில் ஹெட் காஸ்கெட்டையே முதலில் ஐயுறுவது இயல்பு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கேற்ற எஞ்சின்களில் பலவற்றுக்கு இவ்வுறுப்பு உண்டு. புகையில் ஒரு பகுதியைத் தண்ணீரால் குளிரவைத்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்புவது இதன் வேலை. கடுஞ்சூட்டிலும் குளிர்ச்சியிலும் மாறி மாறி அடிபட்டு இதன் மெல்லிய உட்சுவர் வெடிக்கக்கூடும். அப்போது தண்ணீர் சூடான புகையில் கலந்து ஆவியாகி, அடையாளமின்றிப் போய்விடும். புகைவழியில் பொருத்திய வடிகட்டியும் இதனால் கெடும். ஆகவே, ஹெட்டைக் கழற்றுமுன் இக்கூலரைத் தனியே கழற்றி, அழுத்தக் காற்றேற்றி நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது அறிவுடைமை.

இனி, எஞ்சின் ஓடும்போது தொட்டியில் குமிழிகள் இடைவிடாது எழுந்தால் உள்ளே ஏதோ காற்று புகுகிறது என்பது பொருள். அது எரிந்த வாயுவா, வெறும் காற்றா என்று பிரித்தறிய நீல நிறச் சோதனைத் திரவம் கிடைக்கிறது. எரிந்த வாயு பட்டால் நீலம் மாறிப் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஆகும். அவ்வாறாயின் ஹெட் காஸ்கெட், ஹெட்டின் வெடிப்பு, லைனரின் துளை ஆகியவற்றை ஆராயவேண்டும். நிறம் மாறாமல் குமிழி மட்டும் வந்தால், தண்ணீரால் குளிரும் பிரேக் ஏர் கம்ப்ரஸரைப் பார்க்க. ஏர் டேங்கு நிறைந்து கம்ப்ரஸர் ஓய்வுகொள்ளும் வேளையில் குமிழி அடங்குமாயின் ஐயம் வலுப்படும். டேங்கை வடிக்கையில் கூலண்டின் நிறமுள்ள நீர் வருவதும் இதற்குச் சான்று.

வருமுன் காத்தல்

தண்ணீர் நேரடியாகச் சூழும் லைனர்கள் பிஸ்டனின் தட்டுதலால் அதிரும். அவ்வதிர்ச்சியில் தோன்றும் நுண்குமிழிகள் உடையும்போது இரும்பை அரித்து, நாளடைவில் ஊசித் துளையிடும். இதைத் தடுக்கும் மருந்து உரிய கூலண்டில் உண்டு. கிணற்று நீரிலும் கால்வாய் நீரிலும் இல்லை. குறையுந்தோறும் வெறும் நீரையே ஊற்றுவதால் மருந்தின் வீரியமும் குறைகிறது. இவ்வாறு சிறு கசிவு பெரும் பழுதுக்குத் தாயாகிறது. எஞ்சின் தயாரிப்பாளர் குறித்த கூலண்டையே, குறித்த விகிதத்தில் சுத்த நீருடன் கலந்து பயன்படுத்துக.

மூன்று எச்சரிக்கைகளை டிரைவர்களுக்குக் கூறுதல் அவசியம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. காலையில் ஸ்டார்ட்டர் பாதியில் தடைப்பட்டு நின்றால் மீண்டும் மீண்டும் முயலலாகாது. பிஸ்டனின்மேல் தண்ணீர் தேங்கியிருப்பின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்கலாகாது. அதன் இனிப்புச் சுவையை நாடிக் குடிக்கும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் அது நஞ்சு.

பட்டறையில் ஹெட்டைக் கழற்றவேண்டும் என்று கூறினால், சங்கத்தார் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். எந்தச் சோதனையால் இம்முடிவுக்கு வந்தீர்கள்? கூலரையும் கம்ப்ரஸரையும் சோதித்தீர்களா? தக்க விடை கிடைத்த பின்னரே செலவுக்கு ஒப்புதல் அளிக்கவேண்டும். அங்கத்தினர்களின் சிறு பங்குத்தொகை சேர்ந்து வாங்கிய வண்டியை ஊகத்தை நம்பிப் பிரிக்க இடங்கொடுக்கலாகாது.