கோபாலில் ‘கால்’: அசலா, ஜெராக்ஸா?

கோபால் என்றதும் பக்கத்து வீட்டு ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். வணிகக் கணக்குகளுக்கென்றே 1959-ல் அமெரிக்காவில் கோடசில் குழு உருவாக்கத் தொடங்கிய கம்ப்யூட்டர் மொழி இது. சம்பளப் பட்டியல், பேங்க், இன்சூரன்ஸ் எல்லாம் இதன் கோட்டை. அதில் நாம் ‘கோட்டை விடும்’ ஓர் இடத்தைப் பார்ப்போம்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைக்கு நீங்கள் மெயின் புரோகிராம் எழுதுகிறீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் பிடித்தம் போடும் சப்-புரோகிராம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ‘கால்... யூசிங் சம்பளம்’ என்று அழைக்க, அவர் லிங்கேஜ் செக்‌ஷனில் வாங்கிக்கொள்கிறார்.

1. அசலும் ஜெராக்ஸும்

ஒன்றும் சொல்லாவிட்டால் ‘பை ரெஃபரன்ஸ்’. ரேஷன் கார்டை அசலாகவே கொடுப்பது மாதிரி. நண்பர் அதில் ரூ.200 கழித்தால் உங்களிடம் உள்ள சம்பளமும் குறைந்துவிடும். 1985 தரத்தில் வந்த ‘பை கன்டென்ட்’ ஜெராக்ஸ் மாதிரி. அவர் கிறுக்கினாலும் அசல் அப்படியே இருக்கும். ஆனால் விடை திரும்பி வர வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஓர் அசல் கொடுத்தாக வேண்டும்.

2. டைப் செக்கிங் எங்கே போச்சு?

நீங்கள் ‘பிக் 9(5)வி99’ என்று எழுதினால் ரூ.1250.50 மெமரியில் 0125050 என்று 7 பைட்டில் இருக்கும். ‘வி’ என்பது புள்ளி இருப்பதாகப் பாவனைதான். அதற்கு இடம் கிடையாது. நண்பர் மறந்துபோய் ‘9(7)’ என்று எழுதினால் ரூ.1,25,050 என்று படிப்பார். தொழிலாளி லட்சாதிபதி!

சிரிக்காதீர்கள். தப்பு திரும்பி நடந்தால்? உங்கள் 9(7)-ல் 0001250 இருக்க, அவர் 9(5)வி99 என்று படித்தால் ரூ.12.50தான். அந்த வீட்டில் உலை கொதிக்குமா?

ஒரே புரோகிராமுக்குள் எழுத்தைக் கூட்டச் சொன்னால் கம்பைலர் சத்தம் போடும். தனித்தனியாகக் கம்பைல் செய்தால் பாவம், அதுக்கு என்ன தெரியும்? போவது முகவரி மட்டும்; பிக் போவதில்லை. பெயரும் பார்க்காது, வரிசைதான் கணக்கு. ஜெராக்ஸ் கொடுத்தாலும் இந்தத் தப்பு தீராது.

3. என்ன செய்யலாம்?

விவரத்தை ஒரே ஃபைலில் எழுதி, இருவரும் ‘காப்பி’ கட்டளையால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சம்பளத்தையாவது கையால் போட்டுச் சரிபாருங்கள். 2002 தரம் ‘புரோட்டோடைப்’ கொண்டுவந்து கம்பைலரே ஒப்பிட வழி செய்தது. பழைய புரோகிராம்களுக்கு நம் கண்தான் காவல்.

பயிற்சி: 9(5)வி99-ல் உள்ள ரூ.980.75-ஐ நண்பர் 9(6)வி9 என்று படித்தால்? (விடை: ரூ.9,807.50)