பூ ஸ்க்ரூ, ஒய் ஸ்க்ரூ: பாதுகாப்புத் திருகுகளைச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி?

பழைய ஐபோன்ல சார்ஜ் மதியம் வரைக்கும்கூட நிக்கல. வீடியோ பார்த்தாச்சு, புது பேட்டரியும் வாங்கியாச்சு. போனைத் திருப்பிப் பார்த்தா, சார்ஜர் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் அஞ்சு இதழ் பூ மாதிரி ரெண்டு குட்டி ஸ்க்ரூ. கையில இருக்கிற எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில உட்காரல. இதுக்கு அப்புறம் ஹாஸ்டல்ல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் கத்தி நுனியோட வருவார், இன்னொருத்தர் காம்பஸ் முனையோட வருவார். பத்து நிமிஷத்தில பூ போய் வெறும் வட்டக் குழி மிஞ்சும். கடைக்குக் கொண்டு போனா அவரும் கையை விரிச்சிடுவார்.

இந்தப் பாடம் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றியது. எந்தத் திருகு எது, அதை எப்படிக் கழற்றணும், எதைக் கழற்றவே கூடாது, இந்த மூணையும் பார்க்கலாம்.

1. இது உண்மையிலேயே பூட்டா?

'செக்யூரிட்டி ஸ்க்ரூ' என்கிற பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பூட்டுன்னா ஒவ்வொண்ணுக்கும் சாவி வேற வேற. இங்கே ஒரு பிட் வாங்கினா உலகத்தில இருக்கிற அந்த வகைத் திருகு எல்லாத்தையும் திறக்கலாம். அதனால இது திருடனைத் தடுக்காது. பொறுமை இல்லாதவரைத்தான் தடுக்கும்.

கதை சுருக்கமா இதுதான். ஆப்பிள் 2009-ல மேக்புக் ப்ரோவில் பேட்டரியைப் பிடிக்க அஞ்சு இதழ் திருகைப் போட்டது. 2010-ல வந்த ஐபோன் 4-ன் அடியில முதல்ல சாதாரண ப்ளஸ் திருகுதான் இருந்தது. 2011 ஜனவரியில் ஐஃபிக்ஸிட் என்கிற ரிப்பேர் நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியே சொன்னது. சர்வீசுக்கு வந்த போன்களில் பழைய திருகை எடுத்துட்டு, பூத் திருகு மாட்டித் திருப்பிக் கொடுக்கிறாங்க என்பதுதான் அது. வாங்கினவர் கையில இருந்த டிரைவர் அன்னைக்கே பயனில்லாம போச்சு. அப்போ அந்த பிட் கிடைப்பது கஷ்டம். இன்னைக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பல பிட் செட்டுகளில் அது இருக்கு. திருகு மாறல, சாவிதான் ஊரெல்லாம் பரவிடுச்சு.

2. தலையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிங்க

நல்ல வெளிச்சத்தில, போன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க. கண்ணால மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

பென்டலோப்: அஞ்சு இதழ். ஐபோன் அடியில இருப்பது பி2, குறுக்களவு 0.8 மி.மீ. மேக்புக்கில் இருப்பது பி5, அது 1.2 மி.மீ. அவசரத்தில ஆறு முனை டார்க்ஸ் பிட்டை வச்சு அழுத்தினா இதழ் மழுங்கிடும்.

ட்ரை-பாயின்ட், ட்ரை-விங்: மூணு கை, ஒய் எழுத்து மாதிரி. ஐபோன் 7-லிருந்து உள்ளே இருக்கிற உலோகத் தகடுகளைப் பிடிக்கிறது ஒய்000, அளவு 0.6 மி.மீ. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் பின்மூடியிலும் ஜாய்-கானிலும் இருப்பது கொஞ்சம் பெரிசு, ஒய்00.

நடுவில் ஊசி வைத்த டார்க்ஸ்: ஆறு முனை நட்சத்திரம், மையத்தில ஒரு குட்டித் தூண். எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரில் இருக்கிற டி8 இந்த வகைதான். இதுக்கு நடுவில் ஓட்டை உள்ள பிட் வேணும்.

கேம்பிட்: பழைய கேம் பாய் கேசட்டில் இருப்பது 3.8 மி.மீ. இதில திருகுத் தலைக்குள்ள குழி இருக்காது. பிட்தான் தலையைச் சுத்திக் கவ்வும்.

இன்னொண்ணு, பாதுகாப்புத் திருகு இல்லாட்டியும் பலரைக் கவுக்கிறது: ஜப்பான் சாதனங்களில் பார்க்க ப்ளஸ் மாதிரியே இருக்கிற ஜே.ஐ.எஸ். தலை. அதில சாதா பிலிப்ஸ் டிரைவர் அடி வரைக்கும் உட்காராது, வழுக்கும். ஸ்விட்ச்சில் ஒய் திருகுக்கு பிட் தேடித் தேடி வாங்கிட்டு, பக்கத்தில இருந்த ப்ளஸ் திருகைக் கெடுத்தவங்க நிறைய.

3. ஏன் மழுங்குது? ஒரு சின்னக் கணக்கு

முதல் வருஷ மெக்கானிக்ஸ் இங்கே உதவும். டிரைவர் கைப்பிடியின் ஆரம் 5 மி.மீ. என்று வைங்க. விரலால 4 நியூட்டன் விசை கொடுக்கிறீங்க. அதாவது 400 கிராம் பொருளைத் தூக்கிற அளவு, பெரிசா ஒண்ணும் இல்ல. திருப்பு விசை 4 × 0.005 = 0.02 நியூட்டன் மீட்டர்.

இப்ப பி2 தலைக்கு வாங்க. ஆரம் வெறும் 0.4 மி.மீ. அதே 0.02-ஐ 0.0004-ஆல் வகுத்தா 50 நியூட்டன். சுமார் 5 கிலோ எடை! சரியான பிட் அடி வரைக்கும் உட்கார்ந்தா அது அஞ்சு இதழுக்குப் பங்காகி ஆளுக்கு 10 நியூட்டன்தான் வரும். கத்தி நுனி தொடுறது ஒண்ணு ரெண்டு மூலையை மட்டும்தான். மொத்தச் சுமையும் அங்கேயே இறங்கும். மூலை நசுங்காம என்ன செய்யும்?

பிலிப்ஸ் தலைக்கு இன்னொரு பிரச்சினையும் இருக்கு. அதன் சுவர்கள் சரிவானவை. அதனால திருப்பும்போதே பிட்டை மேலே தள்ளும் ஒரு விசை பிறக்கும். டார்க்ஸ் தலையோட சுவர்கள் செங்குத்து. 1967-ல அதைக் கொண்டு வந்ததே இந்த வழுக்கலைக் குறைக்கத்தான். ஆக, நட்சத்திரத் தலை என்பது கெட்ட வடிவமைப்பு இல்ல, பொறியியல்படி நல்ல வடிவம். அதைப் 'பாதுகாப்பு' ஆக்குறது நடுவில் நட்ட அந்த ஊசி மட்டும்தான்.

4. கழற்றும் முறை

முதல்ல சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, சாதனத்தை முழுசா ஆஃப் பண்ணுங்க. லித்தியம் பேட்டரி நிறைய சார்ஜோட குத்துப்பட்டா ஆபத்து அதிகம்.

தலைக்குள்ள இருக்கிற அழுக்கை உலர்ந்த பிரஷ்ஷால எடுங்க. பாக்கெட் பஞ்சு அடைஞ்சிருந்தாலே பிட் பாதி ஆழம்தான் இறங்கும்.

பிட்டை நேர் செங்குத்தா நிறுத்துங்க. விடாம லேசா அசைச்சுப் பாருங்க. ஆட்டம் இல்லாம கவ்வணும். ஆடினா அது சரியான அளவு இல்ல, நிறுத்திடுங்க.

அழுத்தம் முதல்ல, திருப்பு பிறகு. உள்ளங்கையை டிரைவரோட சுழலும் தொப்பியில வச்சு நேரா அமுக்கி, மூணு விரலால மெதுவா இடப்பக்கம் திருப்புங்க. 'டிக்'னு ஒரு விடுபடல் தெரியும். அதுக்கப்புறம் அழுத்தத்தைக் குறைச்சிடலாம்.

சுத்தை எண்ணுங்க. எம்1.6 திருகின் வழக்கமான மரை இடைவெளி 0.35 மி.மீ. 3.5 மி.மீ. நீளம்னா பத்து சுத்தில வெளியே வரணும். இருபது சுத்தியும் மேலே வரலைன்னா உள்ளே இருக்கிற பித்தளை நட்டு சேர்ந்து சுத்துதுன்னு அர்த்தம். அப்ப மூடியை லேசா இழுத்துப் பிடிச்சு, அந்த இழுப்பிலேயே திருப்பணும்.

ஒரு தாள்ல சாதனத்தோட படம் வரைஞ்சு, இரட்டைப் பக்க டேப் ஒட்டி, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒட்டி வைங்க. இதைச் சோம்பலால விடாதீங்க. போன்களில் பக்கத்துப் பக்கத்துத் திருகுகளோட நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் மாறும். நீளமானதைக் குட்டை ஓட்டையில முடுக்கினா அது போர்டுக்குள்ள இறங்கி, உள் அடுக்கில ஓடுற தடத்தை அறுத்துடும். பேட்டரி மாத்தப் போய் போர்டையே பறிகொடுக்கிறது இப்படித்தான்.

மூடி திறந்ததும் முதல் வேலை, பேட்டரி கனெக்டரைப் பிளாஸ்டிக் நெம்பியால விடுவிக்கிறது. அதுக்கு முன்னாடி வேற எதையும் தொடாதீங்க. ஐபோன் 7-ல திரையோட கேபிள்கள் வலப்பக்கம். புத்தகம் திறக்கிற மாதிரி இடமிருந்து வலமாத் திறக்கணும். மேலே தூக்கினா கேபிள் கிழியும். தண்ணி புகாம இருக்கிற ஒட்டும் பசையும் ஒரு தடவை திறந்தா போயிடும், புதுசு ஒட்டணும்.

திரும்ப மாட்டும்போது ஒரு கைப்பழக்கம்: பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகை முதல்ல இடப்பக்கமா, அதாவது கழற்றுற திசையில, மெதுவா சுத்துங்க. பழைய மரையில விழும்போது சின்னதா ஒரு 'டக்' கேட்கும். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்குங்க. இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி, நாலாவது தடவை பிடிமானமே இருக்காது.

5. ஏற்கெனவே மழுங்கிடுச்சா?

அகலமான ரப்பர் பேண்டில் ஒரு துண்டை தலை மேல வச்சு, பிட்டை அதோட சேர்த்து அமுக்கித் திருப்பிப் பாருங்க. நூல் பசை போட்ட திருகுன்னா, சாலிடரிங் அயர்ன் நுனியைத் தலையில சில விநாடி வச்சா பசை இளகும். பேட்டரி பக்கத்தில இருந்தா மட்டும் இது வேண்டவே வேண்டாம். தலையில புதுப் பள்ளம் வெட்டுற வித்தை கேம் கன்ட்ரோலரோட வெளித் திருகுக்குச் சரி. போனுக்குச் சரி இல்ல, உலோகத் தூள் உள்ளே விழுந்தா ஷார்ட் ஆகும். பேனாக் குழாயை உருக்கித் தலையில அழுத்தி அச்சு எடுக்கிற வீடியோக்களும் நிறைய சுத்துது. இளகின திருகுக்கு அது ஒரு தடவை வேலை செய்யலாம். இறுகின திருகுல பிளாஸ்டிக் முறிஞ்சு குழியை அடைச்சிடும்.

பிட் வாங்கக் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. விழுப்புரத்திலயோ திண்டிவனத்திலயோ மொபைல் ஸ்பேர்ஸ் கடையில கேட்டுப் பாருங்க. கிடைக்காட்டி எழும்பூர் ரயில் ஏறினா ரிச்சி தெரு. கிளாஸ்ல நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல செட் வாங்கினா நாலு வருஷமும் போதும்.

6. திறக்கக் கூடாதவை

சில இடத்தில அந்தத் திருகு உண்மையைத்தான் சொல்லுது.

கடையில கார்டு தேய்க்கும் மெஷின்: மூடி திறந்ததை உள்ளே இருக்கிற சென்சார்கள் உணர்ந்து, ரகசியக் குறியீட்டுச் சாவிகளை அழிச்சிடும். அதோட மெஷின் செத்த மாதிரிதான். சித்தப்பா கடை மெஷினா இருந்தாலும் கையை வைக்காதீங்க. ரேஷன் கடை மெஷின், விழுப்புரத்தைத் தலைமையிடமாக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர் கையில இருக்கிற டிக்கெட் மெஷின், இவையும் நம்ம சொத்து இல்ல. அதைத் திறக்க அதுக்குன்னு ஆள் இருக்காங்க.

உப்பிய பேட்டரி உள்ள போன்: திரை தூக்கியிருந்தா சார்ஜ் போடாதீங்க, அமுக்காதீங்க, நீங்களா நெம்பாதீங்க. பழகின டெக்னீஷியன்கிட்ட கொடுங்க. வாரன்டி முடியாத சாதனத்தை முதல்ல சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்க, இலவசமா கிடைக்கிறதை ஏன் விடணும்?

7. திருகும் உரிமையும்

"வாங்கின பொருளைத் திறக்க நான் யார்கிட்ட அனுமதி கேட்கணும்?" இந்தக் கேள்வி இன்னைக்கு ஹாஸ்டலைத் தாண்டிப் போயிருக்கு. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது நீக்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைச்சது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நாலு துறைகளை முதல்ல எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்னைக்கு அதுக்கான இணையதளம் வந்தது. 2025 மே மாசம் இன்னொரு குழு, மொபைல், எலக்ட்ரானிக் பொருள்களுக்கு 'பழுது நீக்க எளிமைக் குறியீடு' வேணும்னு அறிக்கை கொடுத்தது. மதிப்பெண் போட அவங்க சொன்ன அளவுகோல்களில் உதிரிபாகம் கிடைப்பது, பழுது நீக்கும் தகவல், மென்பொருள் அப்டேட் இவற்றோட, கருவிகளும் திருகு வகைகளும்கூட இருக்கு. நாம மேலே பார்த்த அந்த 0.8 மி.மீ. பூவுக்கும் இனி மதிப்பெண் போடலாம்!

நமக்கு இதில இன்னொரு சம்பந்தமும் உண்டு. ஐபோன் 14 இந்தியாவில தயாராகுதுன்னு 2022 செப்டம்பரில் ஆப்பிளே அறிவிச்சது. ஃபாக்ஸ்கான் ஆலை இருக்கிற ஸ்ரீபெரும்புதூர் பகுதி திண்டிவனத்திலிருந்து நேர்கோட்டில் 100 கி.மீ.கூட இல்ல. அந்த மாதிரி ஆலைகளில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள்தான் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் திருகு முடுக்குறாங்க. முடுக்கத் தெரிஞ்ச ஊருக்குக் கழற்றவும் தெரியணும். நாளைக்கு நீங்களே ஒரு சாதனத்தை டிசைன் பண்ணும் இடத்தில உட்காரலாம். அப்போ மூடிக்கு எந்தத் திருகு போடலாம்னு கேட்டா, அதைத் திறக்கப் போறவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை: செத்துப்போன பழைய ரிமோட்டோ கேம் கன்ட்ரோலரோ ஒண்ணு எடுங்க. பேட்டரியைக் கழற்றிட்டு, திருகு வரைபடம் போட்டு, முழுசாப் பிரிச்சு, ஒரு திருகுகூட மிஞ்சாம திரும்ப மாட்டுங்க. அது சரியா வந்தா மட்டும் போனுக்குப் போங்க.