பாடியிலிருந்து ஒரு பொட்டலம்: நுண்கணிதத்தை ட்ரோன் கணக்கோடு தொடங்குவது எப்படி

பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகிய மூன்று பாடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. பல டியூஷன் வகுப்புகளில் முதல் வாரம் முடிவதற்குள் சூத்திரப் பட்டியல் பலகையில் ஏறிவிடுகிறது. பிள்ளைகள் அதை உருப்போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். வகைக்கெழு எதைச் சொல்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. சூத்திரம் விடையளிக்கும் கேள்வியை அவர்கள் யாரும் கேட்டிருக்கவே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கேள்வியை முதலில் எழுப்பிவிட்டு விதியைப் பிறகு கொண்டுவந்தால் நிலைமை மாறும். பொட்டலம் கொண்டுபோகும் ட்ரோன் அதற்கு நல்ல வாய்ப்பு. ஏறுவது, விரைவது, காற்றோடு மல்லுக்கட்டுவது, பேட்டரி தீர்வது என்று அதன் ஒவ்வொரு அசைவும் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவு.

சென்னையில் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ட்ரோன் வாங்க வேண்டியதில்லை. பலகை, கால்குலேட்டர், வரைபடத்தாள், ஒரு கைபேசி போதும்.

முதல் படி: ஊரின் வரைபடத்தை விரியுங்கள்

கைபேசி வரைபடத்தில் லூகாஸ் டிவிஎஸ் பஸ் நிறுத்தத்தையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் காட்டச் சொல்லுங்கள். நேர்கோட்டுத் தூரத்தையும் எம்.டி.எச். ரோடு வழியான தூரத்தையும் பிள்ளைகளே அளக்கட்டும். பாடி மேம்பாலத்தின் வளைவுகளைச் சுற்றி வந்தவர்களுக்கு இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்க வேண்டியிருக்காது. கணக்குக்காக நேர்கோட்டை 3,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாடியில் ஒரு மருந்துக்கடை, தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறை, நடுவில் ஒரு மருந்துப் பொட்டலம். இது வகுப்புக்காகக் கட்டிய கணக்கு என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.

கட்டிய கணக்கென்றாலும் வானத்து விதிகள் உண்மையானவையாக இருக்கட்டும். 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள்படி, பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருக்கும் வட்டத்தில் அந்த உச்சவரம்பு 60 மீட்டராகக் குறைகிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கும் பாடி எந்த வட்டத்தில் விழுகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்ப்பது ஒரு நல்ல வீட்டுப்பாடம். நம் கணக்கில் ட்ரோன் 60 மீட்டருக்கு மேல் ஏறாது.

இரண்டாம் படி: சராசரியைக் கையில் கொடுத்து, அது போதாது என்று காட்டுங்கள்

2022 மே மாதம் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் அஞ்சல் துறை ட்ரோனில் ஒரு பார்சல் அனுப்பியது. ஹபாய் கிராமத்திலிருந்து நேர் கிராமம் வரை 46 கிலோமீட்டர், 25 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு முன், 2021 அக்டோபரில் மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்தாக் ஏரியின் கராங் தீவுக்கு ஐ.சி.எம்.ஆர். தடுப்பூசி அனுப்பியது. சாலை வழி 26 கிலோமீட்டர், வான்வழி 15 கிலோமீட்டர். 12 முதல் 15 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் சராசரி மணிக்கு 60 முதல் 75 கிலோமீட்டர்.

இந்த வகுத்தல்களைப் பிள்ளைகளே செய்து முடித்ததும் கேளுங்கள்: "கிளம்பி அஞ்சாவது வினாடியில என்ன வேகம்?" தூரத்தை நேரத்தால் வகுத்த விடை இதற்கு உதவாது என்று அவர்களே சொல்வார்கள். அந்த இடத்தில் பாடம் தொடங்குகிறது.

மூன்றாம் படி: ஏற்றத்திலிருந்து எல்லை

நம் ட்ரோன் தரையிலிருந்து 20 வினாடியில் 60 மீட்டர் ஏறுகிறது. நேரத்தை ந என்றும் உயரத்தை உ என்றும் குறித்தால்,

உ(ந) = 0.45ந² − 0.015ந³

இந்தச் சமன்பாட்டை உடனே எழுதிவிடாதீர்கள். உயரங்களின் அட்டவணையை முதலில் கொடுங்கள்: 4ஆம் வினாடியில் 6.24 மீட்டர், 5இல் 9.375, 6இல் 12.96. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே சராசரி வேகம் வினாடிக்கு 3.585 மீட்டர். நான்குக்கும் ஐந்துக்கும் இடையே 3.135. ஐந்தாவது வினாடியின் வேகம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ இருக்க வேண்டும்.

இன்னும் நெருங்கிப் பார்க்க அட்டவணையில் எண் இல்லை. சமன்பாட்டைக் கொடுக்க வேண்டிய நேரம் இதுதான், ஏனென்றால் இப்போது அது அவர்களுக்குத் தேவைப்படுகிறது. ஒரு பெஞ்சு 5.1 வினாடிக்கும் இன்னொன்று 4.9க்கும் மற்றொன்று 5.01க்கும் கணக்கிடட்டும். வலப்பக்கத்திலிருந்து 3.397, பிறகு 3.377 என்று இறங்கி வருகிறது, இடப்பக்கத்திலிருந்து 3.352 என்று ஏறி வருகிறது. இரண்டும் எதை நோக்கி வருகின்றன என்று ஊகித்து எழுதச் சொல்லுங்கள்.

பிறகு ஒரே ஒரு முறை இயற்கணிதம். இடைவெளியை இ என்று வைத்து, 5க்கும் 5+இக்கும் இடையிலான சராசரி வேகத்தை விரித்தால்

3.375 + 0.225இ − 0.015இ²

என்று வரும். இ சுருங்கச் சுருங்கப் பின்னால் உள்ள இரண்டு உறுப்புகளும் கரைந்து, 3.375 மட்டும் நிற்கும். இந்த விரிவை நீங்கள் பலகையில் போட்டுக் காட்டாதீர்கள். நேரம் எடுத்தாலும் அவர்களே போடட்டும். இ பூச்சியம் என்று முதலிலேயே போட்டால் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டி வரும் என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். எல்லை என்ற கருத்து எதற்காகத் தேவைப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு அடுக்கு விதியைச் சொல்லுங்கள். உ′(ந) = 0.9ந − 0.045ந². ஐந்தைப் போட்டால் அதே 3.375. இவ்வளவு உழைப்பில் கிடைத்த விடை ஒரே வரியில் வருவதைப் பார்க்கும்போது விதியின் அருமை புரியும். ந = 0, ந = 20 இரண்டிலும் வேகம் பூச்சியம்; ட்ரோன் குலுங்காமல் கிளம்பி, குலுங்காமல் நிற்கிறது. பத்தாவது வினாடியில் வேகம் உச்சம், வினாடிக்கு 4.5 மீட்டர். அங்கே முடுக்கம் பூச்சியமாகி குறி மாறுகிறது என்று காட்டினால் இரண்டாம் வகைக்கெழுவும் கூடவே முடிந்துவிடும்.

நான்காம் படி: வேகத்திலிருந்து தூரத்துக்குத் திரும்புதல்

60 மீட்டர் உயரத்தில் நின்ற ட்ரோன் மேற்கு நோக்கி விரைகிறது. இரண்டு வினாடிக்கு ஒரு முறை எடுத்த வேகங்கள், வினாடிக்கு மீட்டர் கணக்கில்: 0, 4.32, 7.68, 10.08, 11.52, 12. பத்து வினாடியில் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

ஒவ்வொரு இடைவெளிக்கும் தொடக்க வேகத்தை எடுத்தால் 67.2 மீட்டர், முடிவு வேகத்தை எடுத்தால் 91.2. உண்மை இடையில் இருக்கிறது. இனி ஒரு வினாடி இடைவெளிக்கான எண்களைக் கொடுங்கள்: 0, 2.28, 4.32, 6.12, 7.68, 9, 10.08, 10.92, 11.52, 11.88, 12. இப்போது 73.8, 85.8. முதலில் 24 மீட்டராக இருந்த வித்தியாசம் 12 ஆகப் பாதியாகிவிட்டது. அரை வினாடிக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிடாமலே சொல்வார்கள். வேகச் சார்பு 2.4ந − 0.12ந² என்று காட்டித் தொகையிட்டால் சரியாக 80 மீட்டர்.

இந்தப் படிக்கு உண்மையான அளவீடும் செய்யலாம். இரண்டு மாணவர்கள் பாடியிலிருந்து எம்.டி.எச். ரோட்டில் பஸ் ஏறி, ஒருவர் கைபேசியின் வேகமானியைப் பார்த்து ஐந்து வினாடிக்கு ஒரு முறை வேகத்தைச் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்ளட்டும். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே கூட்டிவந்த தூரத்தை வரைபடத் தூரத்தோடு மறுநாள் ஒப்பிடலாம். வேகங்களை வரைபடத்தாளில் வரைந்தால், கோட்டுக்கு அடியில் இருக்கும் பரப்புதான் தூரம். சிக்னலில் நின்ற நேரத்தில் வேகம் பூச்சியம்; அந்தப் பகுதியில் பரப்பு கூடவில்லை என்பதும் அதில் தெரியும்.

போகிற போக்கில் இணைந்த வீதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்தாவது வினாடியில் ட்ரோன் 60 மீட்டர் உயரத்தில், 80 மீட்டர் தள்ளி இருக்கிறது. கிளம்பிய இடத்தில் நிற்பவரிடமிருந்து அதன் நேர்த்தூரம் 100 மீட்டர். அந்தத் தூரம் கூடும் வீதம் 80 × 12 ÷ 100, அதாவது வினாடிக்கு 9.6 மீட்டர்.

ஐந்தாம் படி: 12 என்பது சரியான வேகமா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள்.

ட்ரோனுக்கு அந்தரத்தில் நிற்கவே மின்சாரம் வேண்டும். வேகமாகப் போனால் காற்றின் எதிர்ப்புக்கும் கொடுக்க வேண்டும். வ என்பது காற்றைப் பொறுத்த வேகமானால், வினாடிக்கான செலவு 400 + 0.2வ³ வாட் என்று கொள்வோம். எண்கள் நான் தேர்ந்தவை, வடிவமும் எளிமையாக்கியது. உண்மையான ட்ரோனில் மெல்ல முன்னேறும்போது, மிதப்பதற்கான செலவு முதலில் சற்றுக் குறையும். இதையும் வகுப்பில் சொல்லிவிடுவது நேர்மை.

3,000 மீட்டரைக் கடக்க 3000/வ வினாடி. ஆகவே மொத்தச் செலவு

3000 × (400/வ + 0.2வ²)

வகையிடும் முன், ஜூலில் வரும் விடையை வாட்-மணியாக மாற்றி அட்டவணை போடட்டும். வேகம் 5 என்றால் சுமார் 70.8 வாட்-மணி. 15 என்றால் 59.7. மெதுவாகப் போவதே சிக்கனம் என்று நினைத்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் வ³ = 1000, வேகம் 10, செலவு 50 வாட்-மணி. நம் 12க்கு 51.8தான் ஆகிறது. சிறுமத்தின் அருகே வளைவு ஏறக்குறைய தட்டையாக இருப்பதால், கொஞ்சம் கூடுதல் மின்சாரத்தில் 50 வினாடி மிச்சமாகிறது. மருந்துப் பொட்டலத்துக்கு எது முக்கியம் என்று விவாதிக்க விடுங்கள்.

அடுத்து, கடற்காற்று. கோடைப் பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று பாடிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. அம்பத்தூர் போகும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால் ட்ரோன் வேகத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? கைதூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையோரத்தில் எழுதிவையுங்கள். குறைக்க வேண்டும் என்பவர்களே பெரும்பாலும் அதிகமாக இருப்பார்கள்.

தரையைப் பொறுத்த வேகம் வ − 4. செலவு 3000 × (400 + 0.2வ³) ÷ (வ − 4). வகுத்தல் விதியால் வகையிட்டுச் சுருக்கினால் வ³ − 6வ² = 1000. இதற்கு முழு எண் விடை இல்லை. 12 போட்டால் குறைகிறது, 12.5 போட்டால் மிஞ்சுகிறது, நெருக்கினால் 12.45. வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். வேகத்தை 8 ஆகக் குறைத்திருந்தால் 104.7 வாட்-மணி செலவாகியிருக்கும், 12.45இல் 77.5 போதும். காரணத்தைச் சொல்லில் எழுதச் சொல்லுங்கள்: மெதுவாகப் போனால் எதிர்க்காற்றில் மாட்டியிருக்கும் நேரம் நீள்கிறது, அந்த ஒவ்வொரு வினாடிக்கும் அந்தரத்தில் நிற்பதற்கான 400 வாட் போய்க்கொண்டே இருக்கிறது.

பின்காற்றுக்கு அவர்களே செய்யட்டும். விடை 8.35, செலவு 34.8. போக வர மொத்தம் 112.3 வாட்-மணி. காற்றே இல்லாத நாளில் 100 போதும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது ஆன நட்டத்தை ஈடுகட்டவில்லை.

"இதெல்லாம் எங்கே சார் உதவும்?" என்ற கேள்வி வந்தால் தொலைதூரம் போக வேண்டாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் தக்ஷா அணி, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த அணி, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனக் கழகம் 2022இல் தொடங்கியது.

ஆறாம் படி: கணக்கை அவர்கள் உருவாக்கட்டும்

இதுவரை சார்புகளை நீங்கள் கொடுத்தீர்கள். தேர்வுக்கு முன் ஒரு முறையாவது அவர்கள் சார்பைக் கட்ட வேண்டும். தொழிற்பேட்டைக்கு மேல் 60 மீட்டரில் நிற்கும் ட்ரோன் 30 வினாடியில் தரைக்கு இறங்க வேண்டும்; கிளம்பும்போதும் தரை தொடும்போதும் வேகம் பூச்சியம். நிபந்தனை நான்கு, முப்படிச் சார்பின் கெழுக்களும் நான்கு. சரியாகக் கட்டினால் 60 − 0.2ந² + ந³/225 கிடைக்கும், அதிகபட்ச இறக்க வேகம் வினாடிக்கு 3 மீட்டர். அது பிடிபட்டவர்களிடம், பொட்டலத்தில் முட்டை இருந்தால் முடுக்கம் எங்கும் 0.2ஐத் தாண்டக்கூடாது, இறங்க எத்தனை வினாடி கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.